கோடையில் புற்றரை: வளர்க்கும் முறையும் தண்ணீர்க் கணக்கும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

பள்ளிக்கூடத்து மைதானத்திலும், ஊராட்சி அலுவலகத்தின் முன்றிலிலும், சிறுவர் பூங்காவிலும் பசும்புல் பரப்பிப் புற்றரை அமைக்க வேண்டும் என்னும் விருப்பம் இன்று பல ஊராட்சிகளில் எழுந்துள்ளது. இது வரவேற்கத்தக்க விருப்பமே. புல் மூடிய தரையில் புழுதி எழாது. மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாது. ஓடி விளையாடும் குழந்தை தவறி விழுந்தாலும் முழங்கால் எளிதில் சிராய்ப்பதில்லை. வெறுந்தரையைக் காட்டிலும் அங்கே வெம்மையும் குறைவு. எனினும், சித்திரை, வைகாசி மாதங்களில் மக்கள் குடிநீருக்கே குடத்துடன் காத்து நிற்கும் ஊர்கள் நம்மிடையே பல உள்ளன. புற்றரைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே அப்பணியில் இறங்குதல் வேண்டும். அவ்விடையையும், வளர்க்கும் முறையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொருக்குப்பேட்டை கற்பித்த பாடம்

வட சென்னையிலுள்ள கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். இருப்புப் பாதைகளும் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதி அது. அருகே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். என் இளமைக் காலத்தில் எங்கள் தெரு அடிகுழாயின் தண்ணீர் உப்புக் கரிக்கும். லாரித் தண்ணீர் வரும் நாளில் குடங்களின் வரிசை தெருமுனையைத் தாண்டிச் செல்லும்.

அங்கும் புல் இருந்தது. இருப்புப் பாதையோரத்தில், சரளைக் கற்களுக்கு அப்பால், அறுகு படர்ந்து கிடக்கும். விநாயக சதுர்த்திக்கு முந்திய நாள் சிறுவர்களாகிய நாங்கள் அதனைப் பறித்துச் சிறுசிறு கட்டுகளாகக் கட்டிக் கடைவீதியில் விற்போம். அக்கினி நட்சத்திர வெயிலில் அந்த அறுகு வைக்கோல் நிறமடைந்து காய்ந்து கிடக்கும். செத்துவிட்டது என்றே எண்ணுவோம். ஆடி மாதத்தில் இரண்டு மழை பெய்தவுடன் அது மீண்டும் பச்சை பிடித்துவிடும். அதற்கு எவரும் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

இந்தப் பாடத்தை அலுவலரான பின் நான் மறந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், சென்னைக்கு வடக்கே ஓர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, ஒரு சிற்றூரில் பூங்கா அமைக்க ஒப்புதல் அளித்தேன். நிதியாண்டு முடிவதற்குள் பணியை முடித்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில், மார்ச் மாதத்தில் 20 சென்ட் நிலத்தில் புல் விரிப்புகளை வாங்கிப் பரப்பினோம். மண்ணையோ நீரையோ சோதிக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் தெளித்தோம். அந்நீர் உவர்ப்பானது. ஏப்ரலில் மண்மீது வெள்ளை பூத்தது. மே மாத நடுவில் புல் முழுவதும் கருகிற்று. அப்புல்லைக் காக்க லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்த நாளில், ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் குடத்துக்கு இல்லாத தண்ணீர் புல்லுக்கு மட்டும் எப்படி வந்தது?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. அந்த லாரியை அன்றே தெருக்களுக்கு அனுப்பினோம், புல் போயிற்று. தவறு புல்லினுடையதன்று, காலமும் நீரும் அறியாது திட்டமிட்ட எங்களுடையது.

தண்ணீர்க் கணக்கு

கோடையில் பசுமை மாறாதிருக்க வேண்டுமாயின் புற்றரைக்கு வாரந்தோறும் ஏறத்தாழ ஓர் அங்குல உயரத் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட் நிலத்தில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது சுமார் 1,000 லிட்டர். ஆகவே, 20 சென்ட் புற்றரைக்கு வாரம் 20,000 லிட்டரும், ஓர் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டரும் செலவாகும்.

இதனை மக்களின் தேவையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2019 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. அதன்படி ஒருவருக்கு வாரம் 385 லிட்டர். எனவே ஓர் ஏக்கர் புற்றரை குடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 260 பேருக்குரிய தண்ணீராகும்.

அதே 2019 ஆம் ஆண்டின் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 ஆம் நாள் முதல் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். ஒரு வண்டியில் வந்தது 25 லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீரும் 25 ஏக்கர் புற்றரைக்கு ஒரு வாரத்துக்கே போதும்!

நம் நாட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று இது. அமெரிக்காவில், பாலைநிலத்தில் அமைந்த லாஸ் வேகாஸ் நகரம் உள்ள நெவாடா மாநிலத்தில், வெறும் அழகுக்காக வளர்க்கும் பொதுவிடப் புற்றரைகளுக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சுவதை 2027 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து தடுக்கும் சட்டம் 2021 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. விளையாட்டுத் திடல் போன்று மக்கள் பயன்படுத்தும் புற்றரைக்கு அத்தடை இல்லை. இவ்வேறுபாடு நாமும் பின்பற்றத் தக்கதாகும். பார்ப்பதற்கு மட்டும் புல் வளர்க்க வேண்டா; குழந்தைகள் கால் பதிக்கும் இடத்தில் வளர்ப்போம்.

எந்தப் புல்?

புற்றரை என்னும் வழக்கம் இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலிருந்து நமக்கு வந்தது. ஆண்டு முழுவதும் தூறல் விழும் அந்நாட்டுப் புல் வகைகள் நம் வெயிலைத் தாங்கமாட்டா. நமக்கு வேண்டுவது வெப்பத்தில் செழிக்கும் புல். அவற்றுள் சிறந்தது, எவரும் விலை கொடுத்து வாங்க வேண்டாத நம் அறுகே.

அறுகுக்குத் தரைமேல் ஓடும் தண்டும் உண்டு. தரைக்குள் ஓடும் தண்டும் உண்டு. வறட்சி வந்தால் அது இலைகளைக் காயவிட்டு, மண்ணுக்குள் உள்ள தண்டில் உயிரைக் காத்துக்கொண்டு உறங்கும். இருப்புப் பாதையோரத்தில் நாங்கள் கண்டது இவ்வுறக்கமே. ஆகவே, வைகாசியில் பழுத்த அறுகைக் கண்டு அஞ்ச வேண்டா. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அரை அங்குலத் தண்ணீர், அதாவது சென்ட்டுக்கு 500 லிட்டர், விட்டால் உயிர் தங்கும். மழை வந்ததும் தளிர்க்கும்.

உவர்ப்பைத் தாங்குவதிலும் அறுகு வலியது. மண்ணின் உப்பை மின்கடத்துதிறன் என்னும் அளவால் குறிப்பர். நெற்பயிர் அவ்வளவு 3 ஐத் தாண்டினால் தளரத் தொடங்கும்; அறுகு ஏறத்தாழ 7 வரை தாங்கும். இவை நீர் நிறைந்த மண்ணிலிருந்து வடித்த சாற்றில் அளக்கும் எண்கள். மண்வள அட்டையில் உள்ள எண் வேறு முறையில் அளந்ததாக இருக்கலாம். ஆதலின் இரண்டையும் நேரே ஒப்பிடாது வேளாண்மை அலுவலரிடம் விளக்கம் பெறுக.

அறுகுக்கு ஒரு குறை உண்டு. அது நிழலில் வளராது. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும். வேம்பு, புங்கு முதலிய மரங்களின் அடியில் புல்லுக்காகப் பாடுபடுதல் வீண். அங்கே உதிர்ந்த சருகையே மூடாக்காக விட்டுவிடுதல் நலம்.

நிலமும் நீரும் சோதித்தல்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகரின் தேவைக்கும் தொழிலுக்கும் உழவுக்கும் நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டதால், 1960 களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உட்புகுந்து கிணறுகளை உவராக்கி வந்துள்ளது. கடலோர மாவட்டங்கள் பலவற்றிலும் இந்நிலை உண்டு. எனவே, புல் நடுமுன் மண்ணையும் நீரையும் சோதித்தறிதல் கட்டாயமாகும். திருவள்ளூர் மாவட்டத்தார்க்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம் வழிகாட்டும். பிற மாவட்டங்களிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன.

உவர்நீர் எவ்வாறு கேடு செய்கிறது? வெயிலில் நீர் ஆவியாகிப் போகும். உப்பு மண்ணிலேயே தங்கும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால், உப்பு மேல்மண்ணிலேயே படிந்து வேரைக் கருக்கும். எங்கள் பூங்காவில் நேர்ந்தது அதுவே. சற்று உவர்ப்பான நீரைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். உப்பைக் கீழே கழுவிச் செல்லுமாறு மண் வடிகாலுடையதாக இருத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை எஞ்சிய உப்பைக் கழுவிவிடும். களர்மண்ணாயின் சோதனை கூறும் அளவில் ஜிப்சம் இட்டுத் திருத்துக.

நிலம் பண்படுத்துதல்

சித்திரையிலேயே நிலத்தை ஓரடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிக் கல், கண்ணாடி, பாலித்தீன் ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுக. கோரைக் கிழங்குகளைத் தேடி எடுத்தல் மிக இன்றியமையாதது. ஒரு கிழங்கு தங்கினாலும் ஓராண்டில் அது நூறாகும். முதல் மழையில் களை முளைத்ததும் வேரோடு களைந்து, மறுமுறையும் முளைக்கவிட்டுக் களைதல் வேண்டும்.

பின்னர், சென்ட்டுக்கு 100 கிலோ வீதம் நன்கு மட்கிய தொழுவுரமோ மட்குரமோ கலக்குக. மட்காத சாணம் இடலாகாது. அது களை விதையையும் கறையானையும் கொண்டுவரும். தரையை நூறு அடிக்கு ஓர் அடி சரிவாக நிரவி, மழைநீர் தேங்காதவாறு ஒரு புறமாக வடியச் செய்க. அவ்வாறு வடியும் நீர் மரக்குழிக்கோ நீர் உறிஞ்சு குழிக்கோ செல்லுமாறு அமைப்பின் ஒரு துளியும் வீணாகாது.

நடவு செய்யும் காலமும் முறையும்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது புல்லுக்கும் பொருந்தும். சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மாலை வேளைகளில் இடிமழை பெய்வதுண்டு. அப்போது நட்ட புல் ஐப்பசி அடைமழைக்கு முன்னரே வேரூன்றிவிடும். அடைமழையில் நட்டால் மண்ணோடு புல்லும் அடித்துச் செல்லப்படும்; மாசியிலும் பங்குனியிலும் நட்டால் தண்ணீருக்கு அலைய நேரும்.

முதலாவது முறை: வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் உள்ள அறுகை வேருடன் எடுத்து, ஈரமான தரையில் 4 முதல் 6 அங்குல இடைவெளியில் சிறு கற்றைகளாக நடுதல். சில மாதங்களில் அவை ஒன்றோடொன்று கூடித் தரையை மூடும்.

இரண்டாவது முறை: அறுகைத் துண்டு துண்டாக நறுக்கி, சாணமும் செம்மண்ணும் நீரும் கலந்த குழம்பில் கலந்து, ஈரத் தரையின்மேல் மெழுகுவதுபோல் பரப்புதல். அதன்மேல் மெல்லிய மண் தூவி, வைக்கோல் இட்டு மூடிவிட வேண்டும். துளிர் கிளம்பியதும் வைக்கோலை நீக்குக. நடவைக் காட்டிலும் இதற்கு ஆள்வேலை குறைவு.

எம்முறையாயினும் முதல் இரண்டு வாரங்கள் மேல்மண் காயாதிருத்தல் வேண்டும். மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் இச்செலவை வானமே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

பாய்ச்சலும் வெட்டுதலும்

வேரூன்றிய புல்லுக்கு நாள்தோறும் தெளிப்பது தீங்கு. வாரத்தில் ஒருமுறையோ, மணற்பாங்கான நிலமாயின் இருமுறையோ, விடியற்காலையில் ஆழமாகப் பாய்ச்சுக. ஆழத்தில் ஈரம் இருந்தால் வேர் ஆழத்துக்குச் செல்லும். மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே தங்கி வெயிலில் வாடும்.

போதிய நீர் பாய்ந்ததா என அறிய ஓர் எளிய வழி உண்டு. மெல்லிய இரும்புக் கம்பியைத் தரையில் அழுத்துக. ஆறு அங்குலம் எளிதாக இறங்கினால் ஈரம் போதும். புல்லின்மேல் நடந்த அடிச்சுவடு நிமிராது அப்படியே கிடந்தால், அது தாகத்தின் அறிகுறி. அதுவரை பாய்ச்ச வேண்டுவதில்லை.

புல்லை ஒட்ட வெட்டுதல் பெருந்தவறு. ஒருமுறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. மழைக்காலத்தில் ஒன்றரை அங்குலமும், கோடையில் இரண்டு அங்குலமும் புல் நிற்கட்டும். உயர்ந்த புல் தன் அடிமண்ணுக்குத் தானே நிழல் தரும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டால் உரமாகும்.

யூரியா இடுவதாயின் ஒரு தடவைக்குச் சென்ட்டுக்கு 400 கிராமுக்கு மேற்படாமல், மழைக்காலத்தில் மட்டும் தூவி உடனே நீர் விடுக. கோடையில் யூரியா இட்டால் புல் கருகும். ஊர்திகள் நிறுத்துவதாலும் பந்தற்கால் நடுவதாலும் மண் இறுகிப்போகும். இறுகிய இடத்தில் கடப்பாரையால் நெருக்கமாகத் துளையிட்டு மட்குரமும் மணலும் நிரப்புக.

எந்தத் தண்ணீர்?

குடிநீர்க் குழாயைப் புற்றரைப் பக்கம் திருப்பலாகாது. பள்ளியில் கைகழுவும் குழாய்களின் நீரும், வீடுகளில் குளித்த நீரும் சிறு புற்றரைக்குப் போதும். அந்நீரைத் தேக்கி வைக்காமல், குழந்தைகள் விளையாடாத வேளையில், தரையோடு பாயவிடுக. கழிப்பறை நீரைச் சேர்க்கவே கூடாது. ஊராட்சிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழித்துவிடப்படும் நீர் மூல நீரினும் உப்பு மிகுந்தது. சோதியாமல் அதனைப் புல்லுக்கு விடலாகாது.

பயன்படுத்திய நீருக்கும் மதிப்புண்டு என்பதை வட சென்னையே காட்டுகிறது. கொருக்குப்பேட்டைக்கு அருகிலுள்ள கொடுங்கையூரில் நகரின் கழிவுநீர் உயர்தரத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 2019 ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைகளுக்கு வழங்கப்படுகிறது. தொழிற்சாலை கழிவுநீரை வடித்து ஆளும்போது, நாம் புல்லுக்குக் குடிநீரை ஊற்றுவது முறையாகுமா?

உழவர் கேட்கும் கேள்வி

"வயலில் அறுகை ஒழிக்க நாங்கள் படாத பாடு படுகிறோம். நீங்கள் அதை வளர்க்கச் சொல்கிறீர்களே, ஐயா!" என்று ஒரு முதிய விவசாயி கூட்டத்தில் எழுந்து கூறினார். நியாயமான சொல். வயலில் அறுகு களைதான். ஆகவே விளைநிலத்தை ஒட்டிப் புற்றரை அமைக்கலாகாது. வேறிடத்தில் அமைக்கும்போதும் சுற்றிலும் ஓரடி ஆழத்தில் செங்கல் வரம்பு கட்டுக. ஓடிவரும் தண்டுகளை மாதந்தோறும் ஓரம் வெட்டுக. வெட்டிய அறுகு கறவை மாட்டுக்கு நல்ல தீவனமாதலின் அவ்வுழைப்பும் வீண்போகாது. மருந்து தெளித்த இடத்துப் புல்லை மட்டும் மாட்டுக்கு இடலாகாது.

கிராம சபையில் முடிவு செய்க

நான் முன்னர்க் கூறிய பூங்கா பின்னர் என்னவாயிற்று என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 20 சென்ட்டில் 14 சென்ட்டை மரங்களுக்கு விட்டோம். குழந்தைகள் விளையாடும் 6 சென்ட்டில் மட்டும் ஆடியில் அறுகு நட்டோம். அருகிலுள்ள பள்ளியின் கைகழுவும் நீர் அதற்குப் பாய்கிறது. மே மாதத்தில், பள்ளி விடுமுறையில், புல் பழுத்துக் கிடக்கும். முதல் ஆண்டில், "புல் செத்துவிட்டதே" என்று உறுப்பினர்கள் வருந்தினார்கள். ஆவணியில் பசுமை திரும்பியதைக் கண்டபின் எவரும் வருந்துவதில்லை. அதற்கென்று ஒரு லாரித் தண்ணீரும் வந்ததில்லை.

ஊராட்சி உறுப்பினர்களே! தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. புற்றரை அமைக்க எண்ணும் ஊராட்சி, அச்சபையில் நான்கு செய்திகளை மக்கள்முன் வைக்கட்டும்: எத்தனை சென்ட், வாரத்துக்கு எத்தனை லிட்டர், அந்நீர் எங்கிருந்து வரும், கோடையில் குடிநீர் குறைந்தால் புல்லுக்குப் பாய்ச்சலை எந்நாளில் நிறுத்துவோம். இந்நான்குக்கும் விடை கிடைத்தால் ஆடியில் நடுங்கள். கிடைக்காவிட்டால் அவ்விடத்தில் வேம்பும் புங்கும் நட்டு நிழல் வளருங்கள். மூதாட்டி கேட்ட கேள்விக்கு விடை கூற வல்ல ஊரில்தான் புற்றரை நிலைத்து நிற்கும்.